பிச்சாவரம் போயிட்டு வந்து முகம் கறுத்துடுச்சா? எலுமிச்சம்பழத்தை வெட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மணி பகல் 12. சிதம்பரம் நடராஜர் கோயில்ல நடை சாத்தியாச்சு. இனி சாயங்காலம்தான் திறப்பாங்க. அதுவரைக்கும் என்ன பண்றது? கேங்க்ல யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வாங்க... "வாங்கப்பா, பக்கத்துலதானே பிச்சாவரம், ஒரு போட்டிங் போயிட்டு வந்துடலாம்!"

சுமார் 15 கிலோமீட்டர்தான். கிள்ளை வழியா போனா படகுத்துறை. சுரபுன்னைக் காட்டுக்கு நடுவுல படகு, எம்.ஜி.ஆரோட 'இதயக்கனி' எடுத்த இடம்னு படகோட்டி அண்ணன் சொல்ற கதை, நாலு ரீல்ஸ்... முடிக்கிறதுக்குள்ள மணி ரெண்டரை. மறுநாள் கடலூர் சில்வர் பீச்ல ஆட்டம். எல்லாம் சூப்பர்தான். ஆனா, வெயில் உச்சத்துல இருக்கிற அந்த ரெண்டு மணி நேரத்தைத் தண்ணிக்கு நடுவுல உட்கார்ந்து கழிச்சிருக்கோம்ங்கறது வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கும்போதுதான் தெரியும்.

வாட்ச் கட்டின இடம் மட்டும் தனியா தெரியும். நெத்தியும் மூக்கும் ரெண்டு ஷேடு இறங்கியிருக்கும். வாசல்லயே பக்கத்து வீட்டு அக்கா, "என்னடி இப்படிக் கறுத்துட்ட?"ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க. அடுத்த நிமிஷம் கை போறது எங்கே? ஒண்ணு போனுக்கு, இல்லைன்னா ஃபிரிட்ஜ்ல இருக்கிற எலுமிச்சம்பழத்துக்கு.

என் சித்தி பொண்ணும் அதைத்தான் பண்ணினா. டூர் முடிஞ்சு 12 நாள்ல அவளுக்கு நிச்சயதார்த்தம். பதற்றத்துல பாதி எலுமிச்சம்பழத்துல சர்க்கரையைத் தொட்டு முகம், கழுத்துன்னு நல்லா தேய்ச்சிருக்கா. அப்படியே மொட்டை மாடியில தலைமுடி காயவெச்சிருக்கா. ரெண்டாவது நாள் கன்னத்துல எரிச்சல், கழுத்துல சாறு வழிஞ்ச தடத்துலயே சின்னச் சின்ன கொப்புளம். நிச்சயதார்த்த போட்டோ எதுலயும் அவ வலது கன்னம் இருக்காது. டூர்ல வந்த டேன் ஒன்றரை மாசத்துல தானா போயிடுச்சு. எலுமிச்சை போட்ட தடம் போக நாலு மாசம் ஆச்சு.

இந்தக் கட்டுரை சொல்ல வர்றது இதுதான். டேன் தானாவே போகும். அவசரப்பட்டு நாம பண்ற காயம்தான் தங்கிடும்.

டேன்ங்கறது அழுக்கு இல்லை... குடை!

தேய்ச்சா போயிடும்னு நாம நினைக்கிறதுக்குக் காரணம், டேனை அழுக்கு மாதிரி பார்க்கிறதுதான். உண்மையில அது தோல் மேல படிஞ்ச விஷயமே இல்லை, தோலுக்குள்ள உருவான விஷயம்.

வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்கள், அதாவது யூ.வி. கதிர்கள், தோல் செல்களுக்குள்ள இருக்கிற டி.என்.ஏ-வைச் சேதப்படுத்தும். அதைத் தடுக்க, மேல்தோலோட அடிப்பகுதியில இருக்கிற மெலனோசைட்ங்கற செல்கள் மெலனின் நிறமியைக் கூடுதலா தயாரிச்சு, பக்கத்துல இருக்கிற தோல் செல்களுக்கு அனுப்பும். அந்த மெலனின் ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் போய், டி.என்.ஏ இருக்கிற கருவுக்கு மேல ஒரு தொப்பி மாதிரி கவிஞ்சுக்கும். நீங்க குடை எடுத்துட்டுப் போகலை, அதனால உங்க தோலே ஒரு குடையை விரிச்சிருக்கு. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் குடையை ஸ்கிரப் போட்டுச் சுரண்டி எடுக்க முடியாது. மெலனின் ஏறின செல்கள் மெதுவா மேல வந்து, தானா உதிரும்போதுதான் நிறம் குறையும். மேல்தோல் இப்படி முழுசா புதுசாக இளவயசுல சுமார் 4 வாரம் ஆகும். வயசு ஏற ஏற இன்னும் கொஞ்சம் கூடும். அதனால முகத்துல இருக்கிற டேன் பழையபடி வர 4 முதல் 6 வாரம் ஆகலாம். கை, கால்ல அதைவிட மெதுவாதான் போகும்.

மூணாவது நாள் ஏன் இன்னும் கறுப்பா தெரியுது?

"ஊர்லேருந்து வந்தப்போகூட இவ்வளவு இல்லை. வீட்டுக்குள்ளயே இருந்தும் இன்னும் கறுத்துட்டேன்"னு பலபேர் பயப்படுவாங்க. இது ரொம்ப இயல்பு. டேன் ரெண்டு கட்டமா வரும்.

முதல் கட்டம், வெயில்ல நிக்கும்போதே வர்றது. யூ.வி-ஏ கதிர் பட்டு, ஏற்கெனவே தோல்ல இருக்கிற மெலனினே கொஞ்சம் கறுக்கும். இதுல பெரும்பகுதி சில மணி நேரத்துலேருந்து ஒரு நாளுக்குள்ள குறைஞ்சிடும். ரெண்டாவது கட்டம்தான் உண்மையான டேன். புது மெலனின் தயாராகி மேல தெரிய ரெண்டு, மூணு நாள் ஆகும். அதனாலதான் ஞாயித்துக்கிழமை படகுல போனவருக்கு செவ்வாய், புதன்ல நிறம் கூடுது.

இங்கேதான் ரீல்ஸ் வைத்தியங்களோட ரகசியமும் இருக்கு. டூர் முடிஞ்சு வந்த அன்னைக்கு ராத்திரி எந்த பேக் போட்டாலும், முதல் கட்டக் கறுப்பு மறுநாள் காலையில கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கும். "ஒரே வாஷ்ல ரிசல்ட்!"னு வீடியோ போட்டுடலாம். அதேமாதிரி மூணாவது வாரத்துல எதைத் தடவினாலும் அது வேலை செய்யுற மாதிரியே தெரியும். வேலை பார்த்தது உங்க தோல். பேர் வாங்கினது உருளைக்கிழங்குச் சாறு!

முதல் 48 மணி நேரம்: தணிங்க, தேய்க்காதீங்க

நம்மள மாதிரி மாநிறம், கறுப்பு நிறத் தோல்ல வெயில் எரிவு வந்தாலும், வெள்ளைக்காரங்களுக்கு மாதிரி செக்கச்செவேல்னு தெரியாது. அதனால கண்ணால பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீங்க. தொட்டா சூடா இருக்கா? முகம் இழுத்துப் பிடிக்குதா? துண்டு பட்டாலே எரியுதா? அப்படின்னா அது வெறும் டேன் இல்லை, தோல் புண்பட்டிருக்கு.

* வீட்டுக்கு வந்ததும் சாதாரணத் தண்ணியில குளிங்க. கடல் உப்பும் மணலும் தோல்லயே காய விடக்கூடாது. வெந்நீர் வேண்டாம்.
* எரியுற இடத்துல, பச்சைத்தண்ணியில நனைச்ச மெல்லிசான பருத்தித் துணியை 10, 15 நிமிஷம் வைங்க. ஐஸ் கட்டியை நேரா வைக்காதீங்க, அதுவே இன்னொரு காயத்தை உண்டாக்கும்.
* முகத்தை ஒத்தி எடுத்துட்டு, ஈரம் லேசா இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்க. உடம்புல எரிச்சல் இருக்கிற இடத்துக்கு காலமைன் லோஷன் போடலாம்.
* மோர், இளநீர், தண்ணி... தாகத்துக்கு ஏத்த மாதிரி நல்லா குடிங்க. இதனால நிறம் மாறாது. ஆனா, வெயில்ல இழந்த நீர்ச்சத்து திரும்ப வரும்.
* கொப்புளம் வந்தா உடைக்காதீங்க. தோல் உரிஞ்சா இழுத்துப் பிய்க்காதீங்க. அடியில இருக்கிறது பச்சைத் தோல்.

பெரிய இடத்துல கொப்புளம், காய்ச்சல், வாந்தி, தலைசுத்தல், குழப்பம்... இதுல எது இருந்தாலும் பேக்கெல்லாம் மறந்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அது அழகுப் பிரச்னை இல்லை.

முதல் வாரம் முழுக்க வாக்ஸிங், த்ரெட்டிங், ஃபேஷியல், ப்ளீச் எல்லாத்துக்கும் லீவு. பார்லர்ல போடுற டீ-டேன் பேக் சிலதுல ப்ளீச் இருக்கும். அது முகத்துல இருக்கிற மெல்லிய முடியோட நிறத்தை வெளுக்க வைக்கும். அதனாலதான் உடனே பளிச்னு தெரியுது. வெயில்ல புண்பட்ட தோல்ல அதைப் போட்டா எரிச்சலும், எரிச்சலுக்குப் பின்னாடி திட்டும் மிஞ்சும்.

'இயற்கைதானே, என்ன ஆகிடப் போகுது?'

இந்தக் கேள்விக்கு சிதம்பரமே பதில் வெச்சிருக்கு. தில்லைங்கற பேர் அந்த ஊருக்கு எப்படி வந்துச்சு? தில்லை மரத்தால. நடராஜர் கோயிலோட தலவிருட்சம் அது. இன்னைக்கு பிச்சாவரம் அலையாத்திக் காட்டுல அதைப் பார்க்கலாம். அந்த மரத்துப் பால் தோல்ல பட்டா கொப்புளம் வரும். கண்ணுல பட்டா தற்காலிகமா பார்வையே போகலாம். முழுக்க முழுக்க இயற்கை, கெமிக்கல் எதுவும் சேர்க்காதது!

கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இன்னொரு உதாரணமும் தெரியும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க கையைப் பார்த்திருக்கீங்களா? கொட்டை ஓட்டுல இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு, தோல் வெந்து, கறுத்துப்போயிருக்கும். அந்தக் கறுப்பை வெயில் கொண்டு வரலை, காயம் கொண்டு வந்தது.

நம்ம தோலோட குணமே அதுதான். எரிச்சல், கீறல், அலர்ஜி, பரு... எது வந்து ஆறினாலும், அந்த இடத்துல ஒரு கறுப்புத் தடத்தை விட்டுட்டுத்தான் போகும். நிறம் கூடுதலா இருக்கிற தோல்ல இது இன்னும் அதிகம். டேனைப் போக்கறேன்னு தோலை எரிய வெச்சா, போற கறுப்பைவிட வர்ற கறுப்பு அதிகமாகறது இதனாலதான்.

சரி, கிச்சன்ல இருக்கிறதுல எதெல்லாம் வேண்டாம்?

* எலுமிச்சை: தோலோட இயல்பான பி.ஹெச் அளவு சுமார் 5. எலுமிச்சைச் சாறுக்கு அது சுமார் 2. அந்த அமிலம் ஒரு பிரச்னைன்னா, அதுல இருக்கிற ஃப்யூரோகுமரின்ங்கற பொருள் இன்னொரு பிரச்னை. அது தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா, ரெண்டும் சேர்ந்து தோலைச் சுட்டுடும். எரிச்சலும் கொப்புளமும் ஒண்ணு, ரெண்டு நாள் கழிச்சுதான் வரும்ங்கறதால, பலபேருக்கு எலுமிச்சை மேல சந்தேகமே வராது. தடம் வாரக்கணக்குல, சில நேரம் மாசக்கணக்குல நிக்கும்.
* சமையல் சோடா: எலுமிச்சைக்கு நேரெதிர். காரத்தன்மை அதிகம். தோல் மேல இருக்கிற பாதுகாப்புப் படலத்தைக் கெடுத்து வறட்சியையும் எரிச்சலையும் கொண்டு வரும். ரெண்டையும் கலந்து நுரை வந்தா சுத்தமாகுதுன்னு அர்த்தம் இல்லை. அமிலமும் காரமும் சேர்ந்து வாயு வெளியேறுது, அவ்வளவுதான்.
* சர்க்கரை, காபித்தூள், அரிசி ரவை ஸ்கிரப்: இதோட துகள்கள் கரடுமுரடு. ஏற்கெனவே புண்பட்ட தோல்ல கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். சர்க்கரை காபியில இருக்கட்டும், காபி டம்ளர்ல இருக்கட்டும்.
* டூத்பேஸ்ட்: பல்லுக்கு மட்டும்.

இதெல்லாம் போடலாம்... ஆனா ஓவர் எதிர்பார்ப்பு வேண்டாம்

முதல் வாரம் போய், எரிச்சல் சுத்தமா அடங்கின பிறகு, வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு முறை வீட்டு பேக் போட்டுக்கறதுல தப்பில்லை. இது மெலனினை அழிக்காது. உதிர வேண்டிய செல்கள் மென்மையா உதிர உதவும், தோல் ஈரப்பதமா தெரியும்.

தயிர் + பாசிப்பயறு மாவு: ரெண்டு ஸ்பூன் புளிக்காத தயிர்ல ஒரு ஸ்பூன் நைஸா சலிச்ச பாசிப்பயறு மாவு. தயிர்ல இருக்கிற லாக்டிக் அமிலம் ரொம்ப மிதமானது. 10 நிமிஷம் போதும். முகம் இறுகி வெடிக்கிற வரைக்கும் காயவிடாதீங்க. கழுவும்போது தேய்க்காம, தண்ணி விட்டு இளக்கி எடுங்க.

கற்றாழை: மடலை வெட்டினதும் மஞ்சளா ஒரு திரவம் வடியும். அதுதான் பலருக்கு அரிப்பைக் கொடுக்கறது. மடலை 10, 15 நிமிஷம் நிமிர்த்தி வெச்சு வடியவிட்டு, தோலைச் சீவி, அலசி, உள்ளே இருக்கிற தெளிவான சோற்றை மட்டும் எடுங்க. சூட்டைத் தணிக்க நல்லது.

வெள்ளரிக்காய்: குளிர்ச்சி கொடுக்கும். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

மஞ்சள்: நம்ம வீட்டு நலங்கு மாவுல காலங்காலமா இருக்கிறதுதான். ஆனா, மஞ்சளும் சிலருக்கு அலர்ஜி கொடுக்கும். ஒரு சிட்டிகைக்கு மேல வேண்டாம்.

எதைப் போடறதுக்கு முன்னாடியும் முழங்கையோட உள்பக்கத்துல கொஞ்சமா தடவி, ஒரு நாள் முழுக்கப் பாருங்க. அரிப்பு, தடிப்பு வந்தா அந்தப் பொருள் உங்களுக்கு செட் ஆகாது. பாட்டிக்கு செட் ஆச்சுங்கறது கணக்குல வராது. பேக் எப்பவும் சாயங்காலத்துக்கு மேல போடுங்க. போட்டுட்டு மாடிக்குப் போகாதீங்க!

உண்மையிலேயே வேலை செய்யுறது எது?

ஒரே பொருளுக்குத்தான் காசு செலவு பண்ண முடியும்னா, அது சன்ஸ்கிரீன். ஏன்னா, டேன் போயிட்டு இருக்கும்போதே தினமும் காலேஜுக்கு ஸ்கூட்டியில, ஆபீஸுக்கு பஸ் ஜன்னலோரத்துல மறுபடியும் புது டேன் ஏறிட்டே இருக்கும். வண்டியோட சாதாரணக் கண்ணாடி யூ.வி-பி கதிரைத் தடுக்கும். ஆனா, யூ.வி-ஏ-வுல ஒரு பகுதி உள்ளே வரும். ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதைதான். முதல்ல ஓட்டையை அடைக்கணும்.

* எஸ்.பி.எஃப் 30 அல்லது அதுக்கு மேல இருக்கணும். அது யூ.வி-பி-க்கான அளவு. பக்கத்துல 'பி.ஏ'ன்னு போட்டு மூணு பிளஸ் இருக்கான்னும் பாருங்க. அது யூ.வி-ஏ-வுக்கு.
* ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட நீளத்துக்கும் பிதுக்கினா வர்ற அளவு, முகம் கழுத்துக்கு. பட்டாணி அளவு பத்தாது.
* வெளியில கிளம்ப 15 நிமிஷம் முன்னாடி போட்டு, வெளியிலயே இருந்தா 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடணும். வியர்த்தாலோ, தண்ணியில இறங்கினாலோ உடனே.
* முகத்துல வெள்ளையா தெரியுதுன்னா, நம்ம நிறத்துக்கு ஏத்த டின்டட் சன்ஸ்கிரீன் பாருங்க. அதுல இருக்கிற இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரியுற ஒளியையும் ஓரளவு தடுக்கும். கறுப்பு, மாநிறத் தோல்ல அந்த ஒளியும் நிறத்தைக் கூட்டும்ங்கறதால இது நமக்குக் கூடுதல் பலன்.

கூடவே ஒண்ணு வேணும்னா, எரிச்சல் அடங்கின பிறகு நியாசினமைடு 4, 5 சதவிகிதம் இருக்கிற சீரம் போடலாம். மெலனின் மத்த செல்களுக்குப் போறதைக் குறைக்கிற பொருள் அது. காலையில வைட்டமின் சி, ராத்திரி கிளைக்காலிக், நடுவுல ரெட்டினால்னு ஷெல்ஃபையே முகத்துல கொட்ட வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்ல 'அந்த க்ரீம்' கேட்காதீங்க

எலுமிச்சையைவிடப் பெரிய ஆபத்து இது. "ஒரு வாரத்துல பளிச்னு ஆகிடும், எங்க அக்கா போட்டா"ன்னு கைமாறுற டியூப்கள்ல பலது, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூணும் கலந்தது. டாக்டர் குறிப்பிட்ட பிரச்னைக்கு, குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் எழுதித் தர்ற மருந்து அது. நாமளா மாசக்கணக்குல போட்டா, தோல் மெலியும், ரத்தக்குழாய் வெளியில தெரியும், பரு வெடிக்கும், முகத்துல முடி வளரும். நிறுத்தினா முகமே எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்தே திரும்பப் போடுவாங்க. இந்தியாவுல இப்படி வர்றவங்க அதிகமானதால, தோல் மருத்துவர்கள் இதுக்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்'னு அர்த்தம் வர்ற மாதிரி தனிப் பேரே வெச்சிருக்காங்க. 2018-ல மத்திய அரசு, ஸ்டீராய்டு க்ரீம்கள் பலதை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக்கூடாதுன்னு பட்டியல்ல சேர்த்தது.

இன்னொரு வகை, லேபிளே சரியா இல்லாத 'ஒயிட்னிங்' டப்பாக்கள். இதுல சிலதுல பாதரசம் இருக்கும். அது மெலனின் உற்பத்தியைத் தடுக்கும், அப்படியே உடம்புக்குள்ளயும் போகும். கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல, 2021-க்கும் 2023-க்கும் இடையில ஒருவகை சிறுநீரகப் பாதிப்போட வந்த 15 பேரை டாக்டர்கள் விசாரிச்சாங்க. அதுல 13 பேர் சிவப்பழகு க்ரீம் பயன்படுத்தினவங்க. முகத்துல தடவினது கிட்னியில போய் நின்னிருக்கு.

தயாரிப்பாளர் முகவரி, உட்பொருள் பட்டியல், உரிம எண் இது எதுவும் இல்லாத டப்பாவை யார் ஃப்ரீயா கொடுத்தாலும் வாங்காதீங்க.

எல்லாக் கறுப்பும் டேன் இல்லை

டேன்னு நினைச்சு வருஷக்கணக்கா தேய்ச்சுட்டு இருக்கிற சில விஷயங்கள் உண்டு.

* கழுத்துக்குப் பின்னாடி, அக்குள்ல தடிச்சு, வெல்வெட் மாதிரி கறுப்பு: வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. உடல் எடை, இன்சுலின் சரியா வேலை செய்யாததோட தொடர்பா வர்றது இது. பி.சி.ஓ.எஸ் இருக்கிறவங்களுக்கும் வரலாம். ஸ்கிரப் வேண்டாம், சர்க்கரை அளவு டெஸ்ட் பண்ணுங்க.
* ரெண்டு கன்னத்துலயும் ஒரே மாதிரி பழுப்புத் திட்டு: நம்ம ஊர்ல மங்குன்னு சொல்றது. வெயில் இதைக் கூட்டும். ஆனா, கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, பரம்பரைன்னு வேற காரணங்களும் உண்டு. வீட்டு பேக்ல போகாது.
* கொஞ்ச நேர வெயிலுக்கே அதிகமா எரியுது, கறுக்குது: நீங்க சாப்பிடுற மாத்திரை காரணமா இருக்கலாம். பருவுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் ரெண்டும் வெயிலைத் தாங்குற சக்தியைக் குறைக்கும். மாத்திரையை நீங்களா நிறுத்தாம, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க.
* மூக்கு, கன்னத்துல வண்ணத்துப்பூச்சி வடிவத்துல சிவப்பு, கூடவே மூட்டுவலி, காய்ச்சல், அசதி: தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க.

ரெண்டு, மூணு மாசம் ஆகியும் டேன் குறையவே இல்லைன்னாலும் தோல் டாக்டர்கிட்ட போகலாம். பெரிய செலவு ஆகும்னு பயப்பட வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல தோல் பிரிவு இருக்கு. சிதம்பரம் அண்ணாமலை நகர்ல இருக்கிறதும் இப்போ அரசு மருத்துவமனைதான்.

அடுத்த டூருக்கு முன்னாடி...

சிதம்பரம் டூர்ல டேன் வர்றதுக்குப் பெரிய காரணமே டைம் டேபிள்தான். அதை மட்டும் மாத்திப் பாருங்க. காலையில முதல்ல பிச்சாவரம். வெயில் ஏறுறதுக்குள்ள படகைவிட்டு இறங்கிடுங்க. மதியம் சாப்பாடு, ரூம்ல ஒரு குட்டித் தூக்கம். சாயங்காலம் நடை திறந்ததும் கோயில். கல் தளமும் அப்போ கால் சுடாது. சில்வர் பீச்சுக்கு விடியற்காலையிலயோ, சாயங்காலம் 4 மணிக்கு மேலயோ போங்க.

யூ.வி. குறியீடு 3-ஐத் தாண்டினாலே பாதுகாப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 11-ஐத் தாண்டினா உச்சபட்ச ஆபத்து. நம்ம கோடை மதியத்துல 11-ஐத் தாண்டுறது சாதாரணம். போன்ல வெதர் ஆப்ல இந்த நம்பர் இருக்கும். ஆப் இல்லைன்னா உங்க நிழலைப் பாருங்க. நிழல் உங்களைவிடக் குட்டையா இருந்தா, நீங்க நிழலுக்குப் போகணும். மேகமூட்டமா இருக்குன்னு ஏமாறாதீங்க. மெல்லிய மேகத்தைத் தாண்டி பெரும்பாலான யூ.வி. வந்துடும். பீச்ல மணலும் நுரையும் பிரதிபலிக்கிறதால குடைக்கு அடியிலயும் கொஞ்சம் வரும்.

இதெல்லாம் புதுசா நாம கண்டுபிடிக்க வேண்டியதுகூட இல்லை. பிச்சாவரத்துல துடுப்புப் போடுற அண்ணனைக் கவனிங்க. தலையில துண்டு, பெரும்பாலும் முழுக்கைச் சட்டை. தேவனாம்பட்டினத்துல மீன் விற்கிற அக்கா தலையில முந்தானை. ஸ்லீவ்லெஸ்ல, தொப்பிகூட இல்லாம நிக்கிறது டூர் போன நாம மட்டும்தான்!

கடைசியா ஒண்ணு

டேன் போகணும்னு நினைக்கிறது தப்பில்லை. வாட்ச் தடமும் செருப்பு வார் தடமும் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனா, 'பழைய நிறத்துக்கு வரணும்'ங்கறதும் 'இன்னும் வெள்ளையாகணும்'ங்கறதும் வேற வேற. முதல் ஆசையை உங்க தோலே ஆறு வாரத்துல நிறைவேத்திடும். ரெண்டாவது ஆசையைத்தான் ஒவ்வொரு டப்பாவும் நமக்கு விற்குது. 'ஃபேர் அண்ட் லவ்லி'யே 2020-ல பேர்லேருந்து 'ஃபேர்'ஐ எடுத்துடுச்சு. கம்பெனி மாத்திக்கிச்சு, பக்கத்து வீட்டு அக்காங்கதான் இன்னும் மாத்திக்கலை!

என் சித்தி பொண்ணுக்குக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. மேக்கப் பண்ண வந்தவங்க "முகத்துக்கு என்ன போடுறீங்க?"ன்னு கேட்டதுக்கு, "சன்ஸ்கிரீன்... அப்புறம் பொறுமை"ன்னு சொன்னா. இப்போ அவ வீட்டு ஃபிரிட்ஜ்லயும் எலுமிச்சம்பழம் இருக்கு. ரசத்துக்கும் ஜூஸுக்கும் மட்டும்.